மூன்றாம் வரிசை, இடப்புறம்

சூரிக் நகரத்தில் வசந்தம் தானாக வந்துவிடாது. ஏப்ரல் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் நாங்கள் பொய்முடியும் முக்கோணத் தொப்பியும் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போய், ஆறு மணிக்கு தேவாலய மணி அடித்ததும் பஞ்சு அடைத்து, தலைக்குள் வெடி வைத்த பனிமனிதனைக் கொளுத்தி, அவன் தலை வெடித்த பிறகே அதற்கு அனுமதி.

ஊர்வலம் போவது பழைய தொழில்களின் பெயர் தாங்கிய சங்கங்கள்; எங்களுடையது கயிறு திரிப்போர் சங்கம். கயிறு திரிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வக்கீல்கள், வங்கிக்காரர்கள், பல் டாக்டர் பால்ட்ஸ் ஸ்டூக்கி.

ஸ்டூக்கிக்குச் சங்கத் தலைவராகும் ஆசை. விழா முடிந்த மறுவாரம் தேர்தல். ஊர்வலத்தில் பெண்கள் ஓடி வந்து தெரிந்தவர் கையில் பூக் கொடுத்து, கன்னத்தில் மூன்று முத்தம் வைப்பது வழக்கம். யார் கையில் எவ்வளவு பூ என்று யாரும் எண்ணுவதில்லை. எல்லோரும் பார்ப்பார்கள். பூக் கேட்பது கேவலம், வெறுங்கையோடு நடப்பது அதைவிடக் கேவலம். ஆகவே எல்லோரும் ரகசியமாகக் கேட்பார்கள்.

ஸ்டூக்கி தம்மிடம் பல் பிடுங்கிக்கொண்ட பெண்கள் அனைவருக்கும் மனைவி கோர்தூலாவைப் போன் போடச் சொன்னார். "மூணாவது வரிசை, எடதுபக்க ஓரம்." ஒரு மாதமாக இதையே சொல்லிச் சொல்லிக் கோர்தூலாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

விழாவன்று காலை, வரிசைகளுக்கு முன்னால் குதிரையேறிப் போகும் எங்கள் குதிரைக்காரர் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "யாராவது ஏறுறீங்களா?" என்று தலைவர் கேட்டு முடிப்பதற்குள் ஸ்டூக்கி கையைத் தூக்கிவிட்டார். குதிரைமேல் இருப்பவன் தலைவன் மாதிரி இருப்பான் அல்லவா? மூன்றாம் வரிசையில் காலியான ஸ்டூக்கியின் இடத்துக்கு, கடைசி வரிசையிலிருந்து ஓட்மார் க்னெக்ட் வந்தார். கணக்குத் தணிக்கையாளர். வருடம் தவறாமல் அவருக்கு ஒரு பூ வரும், தங்கையிடமிருந்து.

நான் ஓட்மாருக்குப் பக்கத்தில் நடந்தேன். ஸ்டேஷன் தெருவில் திரும்பியதும் பெண்கள் பாய்ந்தார்கள். டூலிப், ரோஜா, மறுபடி டூலிப். அவர்களையும் குறை சொல்ல முடியாது. டாக்டரை அவர்கள் பார்த்ததெல்லாம் மல்லாந்து படுத்து, வாயைப் பிளந்துகொண்டு, கீழேயிருந்து. அதுவும் அவர் முகமூடியோடு இருக்கும்போது.

"டாக்டர், அந்தக் கடவாப்பல்லு இப்ப சும்மா இருக்கு," என்றாள் ஒருத்தி.

"ரொம்ப சந்தோஷம்மா," என்றார் ஓட்மார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "யாருய்யா இவங்கல்லாம்?"

"உங்க ரசிகைங்க. பேசாம நடங்க."

முன்னால் குதிரைமேல் ஸ்டூக்கி கழுத்து சுளுக்கும்படி திரும்பித் திரும்பிப் பார்த்தார். கை நிறையக் கடிவாளம், வேறொன்றும் இல்லை. அப்போது கோர்தூலா பெரிய பூங்கொத்தோடு வந்தாள். குதிரையைக் கடந்து எங்கள் வரிசைக்கு வந்தாள்.

"கோர்தூலா, இங்க. மேல பாரு."

"மூணாவது வரிசை, எடதுபக்கம். நீங்க சொல்லித்தானே எல்லாருக்கும் போன் பண்ணேன்? இப்ப மாத்துனா எப்படி?" என்றவள், பூங்கொத்தை ஓட்மார் கையில் திணித்து மூன்று முத்தமும் வைத்தாள்.

"கன்னம் ரெண்டுதானம்மா இருக்கு," என்று முனகினார் ஓட்மார்.

மாலையில் ஸ்டூக்கி மற்றக் குதிரைக்காரர்களோடு நெருப்பைச் சுற்றிப் பாய்ந்தார். ஊரே பனிமனிதன் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுவாரம் தேர்தல் கூட்டம். பழைய தலைவர் எழுந்தார். "நம்ம ஓட்மார இந்த ஊருக்கு இவ்வளவு பிடிக்கும்னு நமக்குத் தெரியாமப் போச்சே."

"எனக்கே தெரியாதுங்க," என்றார் ஓட்மார். என்ன அடக்கம் என்று மேசையைத் தட்டினார்கள்.

"அவரையே தலைவரா முன்மொழியறேன். யாருக்காவது ஆட்சேபணை?" என்றார் பழைய தலைவர்.

ஸ்டூக்கி எழுந்துவிட்டார். சபை முழுக்க அவரையே பார்த்தது. அந்தப் பூவெல்லாம் என்னுடையது என்று சொல்லலாம். எப்படி உம்முடையதாயிற்று என்று அடுத்த கேள்வி வரும்.

"வழிமொழியறேன்," என்று சொல்லி உட்கார்ந்தார்.