கார்பன் சக்கரம் போன வழி

ஒகேனக்கல்லுக்குக் கிளம்பிய மாதேஷை அவனுடைய புதுச் சக்கரங்கள் கம்பைநல்லூரில் கொண்டுபோய் இறக்கின. ஹேண்டில்பார் கடைசிவரை பென்னாகரம் பக்கமே திரும்பியிருந்தது. பிரேக் இரண்டையும் விரல் வெளுக்கப் பிடித்திருந்தான். காரிமங்கலத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், ஒருவன் மேற்கே பார்த்துக்கொண்டு கிழக்கே போவதைக் கண்டு, காசுள்ளவர்கள் வாங்குகிற சைக்கிள் இப்படித்தான் போகும்போல என்று நினைத்து, மறுபடி டீயைக் குடித்தார்கள். அன்று பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டி நூற்று எண்பதுக்குப் போனது.

மாதேஷ் பாலக்கோட்டில் சொட்டுநீர்க் குழாய் விற்பவன். 'பெடல் நண்பர்கள்' என்ற குழுவின் உறுப்பினன். இந்தக் குழு ஞாயிறு விடியற்காலையில் கூடிப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டும், பிறகு வெயில் ஏறும்வரை ஓட்டலில் உட்கார்ந்து பேசும். பேச்சு இரண்டே விஷயங்களைப் பற்றித்தான். விலை உயர்ந்த சக்கரம் வாங்கலாமா என்பது ஒன்று. உலகத்திலேயே சைக்கிளில் போகச் சிறந்த இடம் எது என்பது இன்னொன்று. குழுத் தலைவர் சின்னராஜ் தக்காளி மண்டிக்காரர். அலுமினியச் சக்கரமே போதும், எல்லாம் காலில்தான் இருக்கிறது என்பது அவருடைய கட்சி. அந்தக் காலை எதிர் நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்வார். அவருக்குப் பிடித்த இடம் லடாக். போனைத் திறந்தால் லடாக் மலைப் படம்தான் வரும். தொப்பூர் கணவாயை அவர் சைக்கிளில் தாண்டியதாக யாருக்கும் நினைவில்லை. இன்னாசி இன்ஜினியரிங் காலேஜில் இயற்பியல் சொல்லித்தருபவர். சக்கரத்தில் ஒரு கிராம் குறைந்தால் மலையில் ஒரு மூச்சு மிச்சம் என்று பேப்பர் நாப்கினில் வரைந்தே நிரூபிப்பார். தன் வயிற்றைப் பற்றி அவர் எந்தக் கணக்கும் போட்டதில்லை. பிரான்ஸ் தேசத்து மலைகளின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு வீடியோவில் அத்துப்படி. கால்நடை டாக்டர் நிர்மலா மட்டும் கம்பெனி மாட்டிக் கொடுத்த சக்கரத்திலேயே எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார். சக்கரத்தைப் பற்றி அவரிடம் கேட்டால், "காத்து இருக்குதான்னு பாத்துக்கிட்டாப் போதுங்க" என்பார். இதைக் குழு ஒரு கருத்தாக எடுத்துக்கொள்வதில்லை.

மாதேஷ், பழைய டிராக்டர் ஒன்று வாங்குகிற பணத்தில் கார்பன் சக்கரம் ஒரு ஜோடி வாங்கினான். தடுக்க வூட்டில் ஆள் இல்லை. அவன் மனைவி பூவிழி, கணக்கு டீச்சர், பிரிந்துபோய்க் கம்பைநல்லூரில் தாய் வூட்டில் இருந்தாள். காரணத்தை ஊர் பலவிதமாகச் சொன்னது. நடந்தது இதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு குழு ஏற்காடு ஏறிக்கொண்டிருந்தபோது, தாய் வூட்டுக்குப் போயிருந்த பூவிழி போன் செய்தாள். அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது, காரைக் கொண்டு வாங்க என்றாள். கார் அடிவாரத்தில் நின்றது, மாதேஷ் பாதி மலையில் இருந்தான். அதுவரை நிற்காமல் ஏறியிருந்தான், அவன் வாழ்க்கையிலேயே அதுதான் நல்ல ஏற்றம். மேலே போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றான். போனான், குழுவோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டான், இறங்கினான். சாவு வூட்டுக்குச் சைக்கிள் உடுப்போடுதான் போய்ச் சேர முடிந்தது. பெடலில் மாட்டுகிற ஷூவின் அடிக்கட்டை சிமெண்டுத் தரையில் டக் டக் என்று தட்ட, அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பூவிழி சண்டை போடவில்லை. காரியம் முடிந்ததும் பாலக்கோட்டுக்குத் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பூவிழி தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில்தான் சக்கரங்கள் வந்து நின்றன. பிளாஸ்டிக் குடத்துக்கும் டயருக்கும் ஒரு சாண் இடைவெளி. மாதேஷ் வேர்த்து ஊற்ற நின்றான். "நான் வரல பூவு. ஒகேனக்கல்தான் போறேன். இதுதான் இழுத்துக்கிட்டு வந்துடுச்சு" என்றான். பூவிழி சக்கரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், நிரம்பிய குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். "அப்ப ஒகேனக்கல்லுக்குப் போங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். சைக்கிள் திரும்பி வர மறுத்தது. தோளில் தூக்கிக்கொண்டு காரிமங்கலம் பஸ்ஸைப் பிடித்தான். தூக்கும்போது எடையே தெரியவில்லை என்பதைக் குழுவில் பிறகு பெருமையாகச் சொன்னான்.

குழு இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. ஆராயாமல் விட்டால் அது குழுவே இல்லை. சக்கரக் கம்பிகளின் இழுப்பு சரியில்லை என்றார் ஒருவர். டயர் காற்று அதிகம் என்றார் இன்னொருவர். கிழக்கே சரிவு இருக்கிறது, லேசான சக்கரம் சரிவைத் தேடும் என்று இன்னாசி நாப்கினில் வரைந்தார். கம்பைநல்லூர் மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு வத்தல்மலை போக முடிவானது, மாதேஷ் கம்பைநல்லூர் போனான். அதற்கடுத்த ஞாயிறு கிருஷ்ணகிரி அணை, மாதேஷ் கம்பைநல்லூர். குழாயடிப் பெண்கள் அவனுக்கு வழிவிட்டுக் குடங்களை நகர்த்தி வைக்கப் பழகிக்கொண்டார்கள்.

விலை கொடுத்தால் ஏமாற்றம்தான் என்று நிரூபிக்க, சின்னராஜ் அந்தச் சக்கரங்களைத் தம் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் "லடாக் போடா" என்று சிரித்தபடி ஏறினார். சக்கரங்கள் அவரை மண்டி வழியாக, மாரியம்மன் கோவில் சந்து வழியாக அவருடைய சொந்த வூட்டுக்கே கொண்டுபோயின. திறந்திருந்த வாசலில் நுழைந்து, ஹாலைத் தாண்டி, கட்டில் ஓரத்தில் போய் நின்றன. அவர் மனைவி மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனார். சின்னராஜ் மதியம்வரை தூங்கினார். இன்னாசி ஏறியபோது அவை சேலம்வரை ஓடி, பெரிய சைக்கிள் கடை ஒன்றின் கண்ணாடிக்கு முன்னால் நின்றன. உள்ளே அதைவிட விலை கூடிய சக்கரம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கடை மூடும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை. நிர்மலா வத்தல்மலைக்குப் போவதாகச் சொல்லி ஏறினார், வத்தல்மலைக்குப் போய்விட்டு வந்தார். இதில் விவாதிக்க ஒன்றுமில்லாததால் குழு விவாதிக்கவில்லை. ஆனால் அன்று ஓட்டலை விட்டுக் கிளம்பும்போது நிர்மலா மாதேஷிடம் சொன்னார்: "சக்கரத்துல ஒண்ணும் கோளாறு இல்லிங்க. மாட்டுக்கு வழி தெரிஞ்சா அவிழ்த்து விட்டதும் வூட்டுக்குப் போவுதில்ல, அப்படித்தான்."

மழைக்காலம் முடியும்வரை இது நடந்தது. பூவிழி ஒரு ஞாயிறு தண்ணீர் கொடுத்தாள். இன்னொரு ஞாயிறு, சைக்கிளை நிழலில் வைக்கச் சொன்னாள். சைக்கிளைத்தான். அவன் ஒவ்வொரு முறையும் அதையே சொன்னான், சக்கரம்தான் கொண்டுவந்தது, என் கையில் ஒன்றுமில்லை என்று. மார்கழியில் ஒரு நாள் அவள் கேட்டுவிட்டாள்.

"வாரா வாரம் சக்கரம் வருதுங்க, சரி. நீங்க எப்ப வருவீங்க?"

தண்ணீர் வழிந்துபோய்க்கொண்டிருந்தது. மாதேஷ் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டான். அன்று அது கனத்தது.

அடுத்த ஞாயிறு சக்கரங்களைக் கழற்றிக் கடை மாடியில் போட்டுவிட்டு, வேட்டி சட்டையில் பஸ் ஏறினான். காரிமங்கலத்தில் மாறினான். கம்பைநல்லூர் வந்து சேர மதியமாகிவிட்டது. குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. கதவைத் தட்டினான்.

"என்னத்துல வந்தீங்க?" என்றாள் பூவிழி.

"பஸ்ல."

அவள் ஒதுங்கி நின்றாள். அவன் உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்று, "அன்னிக்கி மலையில பாதியில திரும்பியிருக்கணும். திரும்பணும்னு தெரிஞ்சுதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் ஏறினேன்" என்றான்.

பூவிழி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதாள் என்று எதிர்வூட்டுக்காரர்கள் சொல்கிறார்கள், இல்லை என்றும் சொல்கிறார்கள். பிறகு, "பஸ்ல கூட்டமா?" என்று கேட்டாள். நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னான். "உக்காருங்க. சோறு போடறேன்" என்றாள். அன்று அவ்வளவுதான். அடுத்த வாரமும் பஸ்ஸில்தான் வந்தான். தை, மாசி, பங்குனி எல்லாம் பஸ்ஸிலேயே போயின. குழு அவன் பெயரை வாட்ஸப்பில் இருந்து நீக்குவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடத்தியது.

சித்திரையில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும், பூவிழி அந்தச் சக்கரங்களைச் சைக்கிளில் மாட்டிக் கொண்டுவரச் சொன்னாள். மாதேஷுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் ஏறினால் அது எங்கே வரும் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. முந்தின நாளே பாலக்கோட்டு வூட்டை ஒட்டடை அடித்துக் கழுவிவிட்டான். புதுத் தலையணை உறைகூட வாங்கினான். காலையில் கம்பைநல்லூரில் சீட்டை இறக்கி வைத்துச் சைக்கிளைப் பிடித்தான். பூவிழி சுடிதாரின் கால்பக்கத்தை ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டு ஏறி மிதித்தாள். சக்கரங்கள் தெரு முனையில் ஒரு கணம்கூடத் தயங்காமல் அரூர் பக்கம் திரும்பின.

பாலக்கோடு அந்தப் பக்கம் இல்லை. மாதேஷ் வாய் திறந்தபடி நின்றான். பிறகு பக்கத்து வூட்டுப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவசச் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு பின்னால் ஓட்டினான். முன்கூடை வைத்த, எடை மிகுந்த சைக்கிள் அது. சக்கரத்தைப் பற்றிச் சொல்ல யாரிடமும் கருத்தில்லாத வகை. அரூரில் அவளைப் பிடித்துவிட்டான். அவள் டீக்கடையில் நின்றிருந்தாள். "எங்க போற பூவு?" என்றான். "தெரியலிங்க. வேணாம்னா நில்லுங்க" என்றாள். அவள் முகம் அப்படிச் சிவந்து அவன் பார்த்ததில்லை. எங்கே போக ஆசை என்று அவளை அதுவரை யாரும் கேட்டதில்லை. அவனும் கேட்டதில்லை. திருவண்ணாமலையில் தங்கினார்கள். மறுநாள் செஞ்சி, திண்டிவனம். லடாக்கையும் பிரான்ஸையும் வருடக்கணக்கில் பேசிய குழுவில் எவரும் மிதித்துப் போகாத தூரத்தை அவள் ரப்பர் செருப்போடு போனாள். மூன்றாம் நாள் காலையில் மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிக் கடல் வந்தது. சக்கரங்கள் மணலில் புதையாமல் தண்ணீர் ஓரம்வரை போய் நின்றன.

"அந்தத் தண்ணி பாட்டிலக் குடுங்க" என்றாள். கொடுத்தான். முதல் அலை வடிந்ததும் அவள் மிதித்தாள். சைக்கிள் கடல்மேல் ஏறிப் போனது, தார் ரோட்டில் போவது போலவே. பெரிய அலைகளில் கொஞ்சம் எழுந்து நின்று மிதித்தாள். பிறகு ஒரு புள்ளியானாள். பிறகு அதுவும் இல்லை.

மாதேஷ் போன் செய்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி செய்தான். வெயில் ஏறியது. சாப்பிடப் போகவில்லை, நிழலுக்குப் போகவில்லை. ஈர மணலில் சக்கரத்தடம் முடிந்த இடத்திலேயே நின்றான், அதையும் அலை அழித்த பிறகு குத்துமதிப்பாக நின்றான். வராமல் போய்விட்டால் யாரிடம் என்ன சொல்வது என்று நினைத்துப் பார்த்தான். வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் அவனைக் கவனித்து விசாரித்தார். மாதேஷ் சொன்னான்.

"சைக்கிள்தானே? வந்துடும். பைக்குன்னாத்தான் பெட்ரோல் தீந்து நின்னுடும்" என்று அவர் ஊசியைக் கோத்தார்.

வெயில் தாழ்ந்தபோது வந்தாள். மூக்குத் தோல் உரிந்திருந்தது, சுடிதார் ஓரங்களில் உப்புப் பூத்திருந்தது. அவன் ஓடிப்போய் முழங்கால் தண்ணீரில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டான். கையை விடவில்லை. "அங்க என்ன இருந்துச்சு?" என்றான்.

"ஒண்ணுமில்லிங்க" என்றாள் பூவிழி. "எந்தப் பக்கம் பாத்தாலும் ஒண்ணுமில்ல. அவ்ளோ நல்லா இருந்துச்சு." பிறகு பசிக்கிறது என்றாள். மீன் சாப்பாடு சாப்பிட்டார்கள்.

இப்போது மாதேஷ் கம்பைநல்லூரில் குடியிருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் பாலக்கோட்டுக் கடைக்குப் போய்வருகிறான். லீவு விட்டால் பூவிழி கிளம்பிவிடுகிறாள். டீச்சர் எங்கே என்று கேட்டால், கடல் பக்கம் போயிருக்காங்க, செவ்வாய்க்கிழமை வந்துடுவாங்க என்று தெருவில் சொல்கிறார்கள். போன மாதம் இருவரும் குழுவுக்கு அழைக்கப்பட்டார்கள். சைக்கிள் போன வழியைப் பதிகிற போன் ஆப்பில், கடலின் நீலத்துக்கு மேல் நேராக ஓடிய சிவப்பு வரியை எல்லோரும் போனைக் கைமாற்றிப் பார்த்தார்கள். கடல் மட்டம்தானே, ஏற்றமே இல்லையே, இதை லடாக்கோடு சேர்க்க முடியாது என்றார் சின்னராஜ். எதிர்க்காற்று எப்படி என்று நிர்மலா கேட்டுத் தெரிந்துகொண்டார். இன்னாசி வெகுநேரம் சக்கரத்தையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கவலையோடு தலை நிமிர்ந்தார்.

"உப்புத் தண்ணி பட்டா பேரிங் போயிடுமேம்மா. வந்ததும் கழுவுனீங்களா?"

"நல்ல தண்ணியில ரெண்டு வாட்டி கழுவிட்டேங்க சார்."

"அப்ப சரிங்க" என்றார் இன்னாசி.