வழுக்காத தரை

டைல்ஸ் கடைக்கு நான் ஒரு பாட்டில் தண்ணீரும் பாதி தேய்ந்த சோப்புக்கட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். மாதிரிக்கு வைத்திருந்த ஒவ்வொரு டைல்ஸையும் தரையில் போடச் சொல்லி, தண்ணீர் ஊற்றி, சோப்பைத் தேய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன்.

"ஐயா, என்ன பண்றீங்க?" என்றாள் விற்பனைப் பெண்.

"குளிக்கிறேன். பயப்படாதம்மா, கால் மட்டுந்தான்."

ஏழாவதில் ஏறியவன் வாஷ்பேசின் அடுக்கியிருந்த மூலை வரை வழுக்கிக்கொண்டே போய், அங்கே விலை விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தேன். பதினோராவது, சாம்பல் நிறம், சொரசொரப்பு. பார்க்க லட்சணமில்லை. பிடித்த காலை விடவில்லை.

"வீட்ல யாராவது விழுந்துட்டாங்களா ஐயா?"

"எங்க வீட்டுத் தரையில ஒரு பல்லி இறங்குச்சும்மா. மூணு நாள் வழுக்கி வழுக்கிச் சுத்திக்கிட்டே இருந்துச்சு. நாலாம் நாள் தண்ணி போற ஓட்டை வழியா ராஜினாமா பண்ணிட்டுப் போயிடுச்சு."

அவள் சிரித்தாள். நான் பில் போடச் சொன்னேன்.

விழுந்தது என் மனைவி. எட்டு மாதமாகிறது. இடுப்பெலும்பில் தகடு வைத்தார்கள். இனி தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடக்கிறாள், நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கூடம் முழுக்க. குளியலறை வாசல் வந்ததும் நின்றுவிடுவாள். "அந்தத் தரையில கால் வைக்க மாட்டேன்." தலை கலைந்து யார் முன்னாலும் நிற்காதவளை, தினமும் ஒரு பணிப்பெண் வந்து கட்டிலில் வைத்து ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போகிறாள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் நான் இருப்பேன். என் மனைவி மறுபடி தானே கதவைச் சாத்திக்கொண்டு குளிக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் எப்படி விழுந்தாள் என்று கேட்டார்கள். ஆளுக்கொன்று சொன்னேன். அவள் தம்பியிடம், கரப்பான்பூச்சியோடு மல்யுத்தம், மூன்றாவது சுற்றில் தோற்றாள் என்றேன். பக்கத்து வீட்டுக்காரரிடம், நீளம் தாண்டும் போட்டிக்கு ரகசியப் பயிற்சி என்றேன். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் போனார்கள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். சிரிப்பை மறைக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

கொத்தனார் பழைய வெள்ளைப் பளபளப்பை உடைத்து அள்ளினார். முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம், அப்படிப்பட்ட தரை. என் மேனேஜர் வீட்டில் இருந்த அதே ரகம், தேடிப் பிடித்து வாங்கியது. புதியதைத் தண்ணீர் வடிய வாட்டம் பார்த்துப் பதித்து, காயவிட்டு, கடைசி நாள் வந்து துடைத்துக் கொடுத்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு வாளி சோப்புத் தண்ணீரைக் கொட்டி நடுவில் நின்றுகொண்டு கூப்பிட்டேன்.

ஊன்றுகோல் தட்டத் தட்ட வந்தாள். வாசலில் நின்றாள். பிறகு வலது காலை நீட்டி, பெருவிரலால் தரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"தைரியமா வைங்கம்மா," என்றார் கொத்தனார். "ஆமா, எப்படி விழுந்தீங்க?"

"அது பெரிய கதைய்யா," என்று நான் ஆரம்பித்தேன். "அன்னிக்கு வீட்டுக்குள்ள ஒரு முதலை..."

"நான் சொல்றேன்," என்றாள்.

காலை எடுத்துக்கொண்டாள்.

"வீடு கட்டும்போது கடையில இதே மாதிரி சொரசொரப்பா ஒண்ணைக் காட்டி, இது போதுங்கன்னேன். கடைக்காரன் முன்னாடியே, நடக்கத் தெரிஞ்சவளுக்கு எதுவும் வழுக்காதுன்னார் இவர். கடையே சிரிச்சுது. நானும் சிரிச்சேன்."

கொத்தனார் குனிந்து, ஏற்கெனவே துடைத்த மூலையை மறுபடி துடைத்தார்.

அவள் ஊன்றுகோலைத் திருப்பினாள். நாலு ரப்பர் கால்களும் கூடத்தின் வழியே தட்டிக்கொண்டே கட்டில் வரை போயின. நான் சோப்புத் தண்ணீரில் நின்றிருந்தேன். வாட்டம் சரியாகத்தான் இருந்தது. தண்ணீர் என் கால்விரல்களைச் சுற்றி மெதுவாக வடிந்துகொண்டிருந்தது. கால் ஓர் அங்குலம்கூட வழுக்கவில்லை.