பெடலில் மாட்டிய ஷூ

இரண்டு கைகளாலும் ஷூவைப் பிடித்து அவள் மேல்நோக்கி இழுத்தாள். வீட்டுக்குள்ளேயே மிதிப்பதற்காகக் கூடத்தில் ஸ்டாண்டோடு பூட்டியிருந்த சைக்கிள் ஆடியதே தவிர, பெடல் கணவரின் காலை விடவில்லை. ஓட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து, சைக்கிளுக்கும் சுவருக்கும் நடுவே தலைகுப்புறத் தொங்கினார். ஒரு கால் தானாகவே கழன்றிருந்தது. எதிரே ஃபேன் ஒன்றும் நடக்காததுபோல் அவருக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

"என்னங்க, கால எடுங்க! ஐயோ, யாராவது வாங்களேன்!"

மாடிவீட்டுக்காரர் ஓடிவந்து, கத்தரிக்கோலால் ஷூ வாரை அறுத்து, காலை உருவித் தரையில் கிடத்துவதற்குள் அவர் உடம்பு துவண்டுவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "உடனே படுக்க வெச்சு நெஞ்ச அமுக்கியிருந்தா, ஒருவேளை..." மீதியை அவர் விழுங்கிவிட்டார்.

மனிதர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நாளெல்லாம் உட்கார்ந்தே தொப்பை போட்டவருக்கு ஐம்பதை நெருங்கும்போது சைக்கிள் பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் எப்போதும் கடைசியாக வந்து சேருவார். அதனாலேயே 'சாம்பியன்' என்று கூப்பிட்டார்கள். அவரும் அதை நிஜப் பட்டம்போல் வைத்துக்கொண்டு பூரித்துப்போவார். பெடலோடு பூட்டிக்கொள்ளும் புது ஷூ வீட்டுக்கு வந்த அன்று அவளிடம் கெஞ்சாத குறை.

"ஒரே ஒரு தடவ பாரேன். மாட்டறது, கழட்டறது எல்லாம் காட்டறேன்."

"எனக்கெதுக்குங்க அந்தக் கூத்து? அடுப்புல பால் இருக்கு."

மறுநாள் காலையில் உடலைக் கிடத்தக் கூடத்தில் இடம் வேண்டியிருந்தது. அவள் தம்பி சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து கழற்றி உள்ளறைக்குத் தள்ளினான். பெடலில் இன்னும் மாட்டியிருந்த ஷூ நிலைப்படியில் இடித்தது. அவன் குனிந்து பிடித்து இழுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். முந்தின நாள் அவள் இழுத்த அதே இழுப்பு.

"விடுங்க தம்பி, இழுத்தா வராது." கணவரோடு சைக்கிள் ஓட்டும் பல் டாக்டர் வந்து ஷூவின் குதிகாலை வெளிப்பக்கம் லேசாகத் திருப்பினார். டக். ஷூ கையோடு வந்தது.

"அவ்ளோதானா?" என்றாள் அவள்.

"அவ்ளோதாங்க அண்ணி. சின்னக் கொழந்தைகூட கழட்டிடும்." முந்தின நாள் அவள் ஷூவோடு போராடியது அவருக்குத் தெரியாது. "சாம்பியன் உங்களுக்குக் காட்டலையா?"

அவள் ஷூவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அழுகைகூட வரவில்லை. ஒரு திருப்பு. அதற்குத்தான் தன் புருஷன் தலைகுப்புறக் காத்துக்கிடந்தானா? தன் கைகளை வெட்டிப்போட வேண்டும்போலிருந்தது அவளுக்கு.

வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டு எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். அவள் மட்டும் உள்ளறையில் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வார் அறுந்த ஷூவைப் பெடலில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். மாட்டிக்கொண்டது. குதிகாலைத் திருப்பினாள். கழன்றது.

"அக்கா, மாமாவ கொண்டுவந்துட்டாங்க. வாக்கா."

"இரு, வரேன்" என்றாள். மறுபடியும் மாட்டினாள். திருப்பினாள். கழன்றது. மறுபடியும் மாட்டினாள்.