ரசத்தில் நிற்கும் சமாதானம்

வடகரை நாட்டுக்கும் தென்கரை நாட்டுக்கும் இடையே சமாதானம் ஒரு பந்தியாக நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தத்தின் முதல் விதி தெளிவானது: பந்தி முடியும்வரை எந்தப் படையும் நகரக் கூடாது. எல்லைக்கோடு மண்டபத்தின் நடுவே, சாப்பாட்டு மேசையின்மேல் ஓடியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் இலை, அந்தப் பக்கம் ஓர் இலை. சாம்பார் ஆகிவிட்டது. பல ஆண்டுகளாக ரசம் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்தது மோர். மோர் வந்தால் பந்தி முடிந்துவிடும் என்பதால் இரு நாடாளுமன்றங்களும் மோரை ஒருமனதாகத் தடைசெய்திருந்தன. மாடுகளை மேற்பார்வையிட ஒரு சர்வதேசக் குழுவும் இருந்தது.

வடகரைத் தூதர் மாசிலாமணி பொறுப்பான மனிதர். ஒரு கவளம் உருட்டுவார், யோசிப்பார், மறுபடி இலையிலேயே வைத்துவிடுவார். எதிரே தென்கரைத் தூதர் தோத்தாத்ரி ஓர் அப்பளத்தை நொறுக்காமலே வைத்திருந்தார். அது அவர்கள் நாட்டின் பாதுகாப்புக் கையிருப்பு.

மறுநாள் மாசிலாமணியின் மகள் யாழிசைக்குக் கல்யாணம். எழுந்து போனால் போர். போகாவிட்டால் தாரை வார்க்க அப்பா இல்லை.

"எந்திரிச்சுத்தான் பாருமேன். எங்க பீரங்கியும் சும்மாதான் கெடக்கு," என்றார் தோத்தாத்ரி.

"உம்ம பீரங்கி வாங்கும்போதே சும்மாதானய்யா கெடந்துச்சு."

சட்ட ஆலோசகர் தில்லைநாயகி குறுக்கிட்டார். "நீங்க கல்யாணத்துக்குப் போகக் கூடாதுன்னுதான் சட்டம். கல்யாணம் உங்ககிட்ட வரக் கூடாதுன்னு இல்லையே?"

வந்தது. வலக்கை எச்சிலாக இருந்ததால், இடக்கையால் தாரை வார்க்க அமைச்சரவை தனி ஆணை பிறப்பித்தது. தாலி கட்டி முடிந்ததும் பரிமாறுகிறவர் மணமக்களுக்கு இலை போட்டார்.

"உட்காராதேம்மா!" என்று கத்தினார் மாசிலாமணி. உட்கார்ந்தவர் பந்தி முடியாமல் எழ முடியாது. பிள்ளைகள் கிழமாகும்வரை ரசத்திலேயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

"அப்ப நாங்க கெளம்பட்டுமாப்பா?"

தோத்தாத்ரியின் முகம் சுருங்கியது. "கை நனைக்காமப் போறதா? பாதி மண்டபம் எங்க மண்ணுல இருக்கு. வெஷமா வச்சிருக்கோம்?"

விருந்துண்ணாமல் போவது, நான்காம் விதிப்படி, பகைச் செயல். தெற்கே எங்கோ பீரங்கி வண்டிகள் இருமத் தொடங்கின.

யாழிசை நிதானமாக அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் போய், அதன் முதுகில் கைவைத்து நின்றாள். "நான் போகவும் இல்ல, உட்காரவும் இல்ல. அடுத்த பந்திக்கு நிக்கறேன்."

தில்லைநாயகி கண்ணை மூடி எல்லாச் சட்டங்களையும் நினைவுகூர்ந்தார். "செல்லும்," என்றார்.

நிற்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நாற்காலியில் கைக்குட்டையைக் கட்டிவிட்டு எங்கு வேண்டுமானாலும் போய்வரலாம். யாழிசை கட்டினாள். அப்பாவின் தலையைத் தொட்டாள். மாப்பிள்ளையோடு வீட்டுக்குப் போனாள். மாசிலாமணி திரும்பிப் பார்க்கவில்லை; பந்தியில் திரும்பிப் பார்ப்பது மரியாதையல்ல. ரசம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக உப்புக் கரித்தது.

கல்யாணத்துக்கு முறையாக நேரில் வந்து அழைக்கவில்லை என்று மலைநாட்டுக்குப் பெரிய வருத்தம். அது படையோடு வந்துவிட்டது. கைக்குட்டையைப் பார்த்த தளபதி, முறை தெரிந்தவர், அதற்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் படை நின்றது.

"சார், எதுல இருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரசம். இப்பத்தான் ஊத்தினாங்க."

தளபதி பெருமூச்சுவிட்டு, வண்டிகளை அணைக்கச் சொன்னார். வாசலில், அவர்களுக்குப் பின்னால், தீவுநாட்டின் போர்க்கப்பல்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன.