நன்றி அம்மா

...அமைதி உண்டாகட்டும், அமைதி உண்டாகட்டும், இதில் 'ட்'டுக்குப் புள்ளி விழவில்லை, போகட்டும், புள்ளி இல்லாத அமைதியும் அமைதிதான், யார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் போகிறார்கள், கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள், அதற்குத்தானே கூடுதல் விலை... போன புத்தகத்தின் கட்டுப் பிரித்து நீட்டுகிறவர் ஒரு பக்கம், கையெழுத்தானதை அடுக்குகிறவர் ஒரு பக்கம், நடுவில் அவள், பதிப்பகத்தின் மாடிக் கிடங்கில், தலைக்கு மேலே மின்விசிறி காற்றைவிடச் சத்தத்தைத்தான் தாராளமாகக் கொடுத்தது. விரல் மூட்டு விண்விண்ணென்று தெறித்தது. வலியோடு சண்டை போடாதீர்கள், அதை விருந்தாளியைப் போல உட்கார வையுங்கள் என்று இதே புத்தகத்தில் எழுதியிருக்கிறாள், எழுதிய மகராசி இங்கே வந்து உட்காரட்டும், உட்கார்ந்து ஒரு கட்டுக்குக் கையெழுத்துப் போடட்டும், அப்புறம் பார்க்கலாம் விருந்தோம்பலை. வாய்விட்டு அலுத்துக்கொள்ளவும் முடியாது, இது மௌன நேரம். காலையில் எழுந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும் அம்மா மௌனம் என்று உலகத்துக்கே தெரியும், பின்னட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். உண்மையில் அது தொண்டைக்கட்டு. எப்போதோ ஒரு கூட்டத்துக்கு முன்னால் குரல் போய்விட்டது, கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார்களே என்று பயந்த பதிப்பாளர் மேடையேறி, அம்மா இன்று மௌனத்தில் இருக்கிறார் என்று ஒரு போடு போட்டார், கூட்டம் அப்படியே கையெடுத்துக் கும்பிட்டது, அதிலிருந்து பிடித்த சனியன் இன்னும் விடவில்லை. நல்லதும் உண்டு, மௌன நேரத்தில் அவள் கைபேசி அணைந்து கிடக்கும், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். யாருக்கும் என்றால், இந்த ஒரு வாரமாக, மகளுக்கு.

அவளுக்கு என்ன பதில் சொல்வது... அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு என்கிறாள். துயரம் பற்றிய புதுப் புத்தகம், இன்றைக்கு அச்சுக்குப் போகிறது, அதில் ஒரு அத்தியாயம், எனக்குத் தெரிந்த ஒரு பெண் என்று ஆரம்பிக்கும். புருஷனை விட்டு ஒரே ஒரு பையோடு விடியற்காலையில் அம்மா வீட்டுக்கு வந்த பெண், வந்தவள் அழவில்லை, சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரைக் கழுவினாள், கழுவியதையே திரும்பக் கழுவினாள், பின்னால் நிற்கும் அம்மா தண்ணீர்க் குழாயை மூடவும் இல்லை, பேசவும் இல்லை. பெயர் இல்லை, ஊர் இல்லை, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தாள். பதிப்பாளர் அந்தப் பகுதியையே முன்னோட்டமாக இணையத்தில் போட்டுவிட்டார். அன்றைக்கே மகள் கூப்பிட்டாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. "மா, அந்த டம்ளர் நான்தானே? எடுத்துடும்மா," என்றாள், அவ்வளவுதான். யோசிக்கிறேன்டி என்றாள் இவள். பெற்ற பெண் கேட்டதற்கு யோசிக்கிறேன் என்று ஒரு தாய் சொல்வாளா, சொன்னாளே. ஏனென்றால் பதிப்பாளர் சொன்னதும் காதில் அப்படியே நிற்கிறது. "மத்ததெல்லாம் நீங்க எழுதினதும்மா, இது ஒண்ணுதான் தானா வந்தது. கடைசி வரி மட்டும் நிக்கல, அதைப் பாருங்க." மனுஷன் வியாபாரிதான், ஆனால் பொய் சொல்லவில்லை. இத்தனை புத்தகத்தில் அவள் கையால் எழுதிய உண்மை அந்த டம்ளர் ஒன்றுதான், மற்றதெல்லாம் சொன்னதையே சொல்லி, அட்டையை மாற்றி... அதை எப்படி எடுப்பது? எடுத்தால் மிச்சம் என்ன? ஆனால் அது அவளுடைய டம்ளர் இல்லையே, மகளுடையது, அன்றைக்குத் தோளைத் தொட்டிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காதோ என்னவோ... என் அன்பு மகளுக்கு, அமைதி உண்டாகட்டும். பெண் வாசகர் என்றால் மகள், ஆண் என்றால் மகன், ஊரெல்லாம் பிள்ளைகள்.

வாசகர்களுக்குப் பதில் எழுதும் பெண் முகமெல்லாம் பூரிப்பாக மாடியேறி வந்தாள். கெட்டிக்காரி, வேலை போனவருக்கு ஒன்று, பிள்ளை இல்லாதவருக்கு ஒன்று, பிரிந்து வந்தவளுக்கு ஒன்று என்று எல்லாத் துக்கத்துக்கும் தயாராகப் பதில் வைத்திருக்கிறாள், அம்மா பெயரில் போகும், அம்மாவைவிட நன்றாகவே எழுதுவாள். பின்னட்டைக்கு வாசகர் வரி ஒன்று கேட்டிருந்தார்கள், கிடைத்துவிட்டது, நீங்கள் சரியென்று தலையாட்டினால் போதும் என்று அலுவலகக் கைபேசியை நீட்டினாள். 'அம்மா, உங்க புத்தகத்துல வர்ற பொண்ணு நான்தான். நான் என்ன செய்யணும்?' தினம் வருவதுதான், எதை எழுதினாலும் அது நான்தான் என்று நாலு பேர் எழுதுவார்கள், அதுதானே இந்தத் தொழிலின் மூலதனம். கீழே பதில் போயிருந்தது. 'அன்பு மகளே, அந்தப் பெண் நீ மட்டுமல்ல, நாம் எல்லோரும்தான். பிடித்திருப்பதை விட்டுவிடு. அமைதி உண்டாகட்டும்.' அதற்கும் கீழே, 'நன்றி அம்மா.' அந்த நன்றி அம்மாதான் பின்னட்டைக்கு, எவ்வளவு எளிமையாக மனசைத் தொடுகிறது பாருங்கள் என்றாள் அந்தப் பெண். பார்த்தாள். மேலே இருந்த எண்ணையும் பார்த்தாள். பெயரில்லாத வெறும் எண், இந்தக் கைபேசிக்கு அது யாரோ ஒரு வாசகி... அவளுக்கு மனப்பாடமான எண்.

நன்றி அம்மா. மகள் எப்போது அம்மா என்று முழுசாக எழுதியிருக்கிறாள், மா, ஒரே எழுத்து, பள்ளிக்கூடத்திலிருந்து அதுதான். நன்றி என்று எப்போது சொல்லியிருக்கிறாள், பெற்றவளுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்... கிண்டலா? இல்லை, பதிலை அம்மாவே எழுதியதாக நம்பி, இனி இவளோடு பேச்சில்லை என்று கதவைச் சாத்துகிறாளா? நிஜமாகவே அழுகை வந்தது. ஆனால் அதற்கும் முன்னால், ஒரு நொடி முன்னால், வேறொன்று வந்ததே, அதை யாரிடம் சொல்வது... இதுதான் அந்தக் கடைசி வரி, இப்போது அத்தியாயம் நிற்கும் என்று வந்ததே. அழுகை இரண்டாவதாகத்தான் வந்தது. சே, என்ன ஜென்மம் இது.

கீழிருந்து பதிப்பாளர் குரல் கொடுத்தார், அச்சகத்தில் காத்திருக்கிறார்கள், சரியென்று சொல்லிவிடட்டுமா என்று. அம்மா மௌனத்தில் இருக்கிறார் சார், தலையாட்டினால் சொல்கிறேன் என்றாள் பதில் எழுதும் பெண். கட்டுப் பிரிப்பவரும் அடுக்குகிறவரும் அவள் தலையையே பார்த்தார்கள்.

"டம்ளர் அத்தியாயம் வேண்டாம்னு சொல்லு," என்றாள். குரல் கரகரத்தது. மௌன நேரத்தில் அவள் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை, பிரித்த கட்டு பிரித்தபடியே நின்றது. பதில் எழுதும் பெண் கீழே ஓடினாள். பதிப்பாளர் மேலே வருவார், தலையில் அடித்துக்கொள்வார், வரட்டும். தன் கைபேசியைத் தேட யாருக்குப் பொறுமை, கையிலிருந்த அலுவலகக் கைபேசியிலேயே அந்த எண்ணை அழுத்தினாள். மணி போனது, நிற்கப் போகிறது என்று நினைக்கும்போது மகள் எடுத்தாள்.

"சொல்லுங்கம்மா."

சொல்லுங்க. இந்த 'ங்க' யாருக்கு, அலுவலகத்துப் பெண்ணுக்கா, இல்லை... யார் பேசுவது என்று தெரிந்துதான் வைத்தாளா அந்த 'ங்க'வை?

"நான்தான்," என்றாள். அத்தியாயத்தை எடுத்துவிட்டேன் என்று சேர்த்துச் சொல்ல நினைத்தாள், வரவில்லை. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை, வைத்துவிட்டாளா என்று பார்த்தாள், வைக்கவில்லை, மூச்சு கேட்டது, ஆனால் அமைதி, அப்படி ஒரு அமைதி... உண்டாகட்டும், உண்டாகட்டும் என்று இத்தனை நாளாக எழுதிக் கொடுத்தது இதைத்தானா? புத்தகத்தை நீட்டுகிறவர் விரித்த பக்கத்தோடு காத்துக்கொண்டிருந்தார்.