தோல் உதடுகள்

ஆர்மோனியக்காரரின் மனைவிக்குத் தொண்டையில் கட்டி வந்தபோது, உயிர் வேண்டுமா, குரல் வேண்டுமா என்று டாக்டர் கேட்டார். கேட்டது புருஷனிடம். அவர் உயிரைச் சொன்னார். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

அந்தத் தெருவில் அவள் வாய் பிரசித்தம். மாடியில் நின்று தண்ணீர் வண்டிக்காரனை அவள் திட்டினால் வண்டிக் குதிரை தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளும் என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவள். சிலேட்டும் பலப்பமும் கொடுத்து என்ன பயன்? கொஞ்ச நாள் கையைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு யாரையும் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

அவர்களுக்கு ஒரே மகள், பத்தொன்பது வயது. குடைச்சல் என்பது தெரு அவளுக்கு வைத்த பெயர். கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் போட்டு, இது ஏன் இப்படி என்று குடைந்துகொண்டே இருப்பாள். குழம்புக்கு வாங்கிய கோழியின் தொண்டையை அறுத்து ஊதிப் பார்த்து, அன்றைக்கு வீட்டில் யாரையும் சாப்பிடவிடாமல் செய்தவள். அப்பாவின் பட்டறையில் துருத்தி தைப்பதும், காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை ரீடுகளைச் சுரண்டிச் சுருதி சேர்ப்பதும் அவள்தான். பெயர் மட்டும் அப்பாவுக்கு.

"அப்பா, தொண்டைங்கறது ரீடுதானே? நுரையீரல் துருத்தி. இனி வாய் ஒண்ணுதான் பாக்கி. அதை நாம செஞ்சுட்டா அம்மா பேசிடுவாங்க."

"வாயை எப்படிடி செய்வே?"

"நாலு பேர் வாய் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்தாத்தானே தெரியும்."

பார்க்க ஆரம்பித்தாள். வம்பு அங்கேதான் தொடங்கியது. கடைக்கு வருகிறவர்களின் கழுத்தில் விரலை வைத்து, "ஒரு தடவை ஆன்னு சொல்லுங்க" என்பாள். தபால்காரர் அதன்பிறகு கடைக்குள் வரவில்லை, வாசலிலிருந்தே தபாலை விட்டெறிந்துவிட்டு நடையைக் கட்டினார்.

கழுத்தைத் தானாகவே நீட்டியது ஒரே ஒரு ஆள்தான். பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரரின் மகள், தாயில்லாப் பிள்ளை, ஐந்து வயது. தினமும் வந்து மேசைமேல் ஏறி உட்கார்ந்து மோவாயை உயர்த்தும். ஒருநாள் அது "அம்மா" என்று இழுத்தபோது, உதடு ஒட்டியிருந்தும் ஒலி நிற்காததைக் குடைச்சல் கவனித்தாள். குழந்தையின் மூக்கைப் பிடித்தாள். ஒலி நின்றது. விட்டாள், வந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவுக்காகச் செய்துகொண்டிருந்த பேசும் பெட்டியில் அன்றைக்கே மூக்குக்கென்று ஒரு குழாய் வைத்தாள்.

அந்த மழைக்காலத்தில் தொண்டை அடைப்பான் காய்ச்சல் வந்தது. ஊரில் பல குழந்தைகள் போயின. அந்தக் குழந்தையும் போயிற்று. குடைச்சல் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாளோ என்னவோ, உள்ளேயிருந்து அரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பெட்டி தயாரானது. காலால் மிதிக்கத் துருத்தி, நடுவில் ஒற்றை ரீடு, முன்னால் ஆட்டுத் தோலில் தைத்த இரண்டு உதடுகள், அவற்றை அசைக்கக் கம்பிகள். எல்லா ஒலியும் வரவில்லை. மகரமும் வகரமும் பகரமும் வந்தன. நாக்கு மடங்க வேண்டிய எழுத்துகள் எதுவும் வரவில்லை. அம்மாவை உட்கார வைத்து, அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"அம்...மா" என்றது பெட்டி. ஈரமான, ஏற்ற இறக்கமில்லாத குரல்.

அம்மா சத்தமில்லாமல் சிரித்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மறுநாளிலிருந்து பகலெல்லாம் அதே வேலை. "வா." "அப்பா." "அம்மா, வா."

சுவருக்கு அந்தப் பக்கம் இஸ்திரிக்காரர் வேலை செய்துகொண்டிருந்தார். சூடான இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டதில் யாருடைய சட்டையோ கருகியது. அவர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

"தங்கச்சி, உள்ளே யாரு?"

"யாரும் இல்லண்ணே. இது தோலு, இது ரீடு. பாருங்க." குடைச்சல் பேசும் பெட்டியைத் திறந்தே காட்டினாள்.

"எம் பாப்பா குரல் எனக்குத் தெரியாதா? இன்னும் ஒரு வார்த்தை பேசச் சொல்லும்மா. உன் காலைப் பிடிக்கிறேன்."

குடைச்சலுக்குப் பொய் சொல்ல வராது. "பாப்பா இல்லண்ணே. ஆனா அந்த அம்மாங்கற சத்தத்த பாப்பாகிட்டேருந்துதான் எடுத்தேன். மூக்கு வழியா எப்படி வருதுன்னு அவதான் காட்டினா" என்றாள்.

அவர் அவள் விரல்களைப் பார்த்தார். "எடுத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. குழந்தையின் தொண்டையைத் தொட்டாள், குழந்தை தொண்டை அடைத்துச் செத்தது. அதற்கு முன்பே தன்னைப் பெற்ற தாயின் குரலையும் எடுத்துக்கொண்டாள் என்று தெரு பேசியது. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் எல்லாவற்றிலும் கணக்குச் சரியாக வந்தது. டாக்டர் அறுத்துத்தான் குரல் போனது என்று ஆர்மோனியக்காரர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். "அப்ப அந்தம்மா வந்து சொல்லட்டுமே" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் வந்தது. இரண்டு பெண்கள் குடைச்சலின் முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்கள். அம்மா நடுவில் விழுந்து தடுத்தாள், கும்பிட்டாள், தன் கழுத்துத் தழும்பைத் திறந்து காட்டினாள். யாரும் பார்க்கவில்லை. சத்தம் போட முடியாதவளை அந்தக் கூச்சலில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அவள் உள்ளே ஓடினாள். துருத்தியை மிதித்து, தன்னால் முடிந்த ஒரே வாக்கியத்தை அடித்தாள்.

"எம் மவ! எம் மவ!"

குடைச்சலின் முடியை விட்டுவிட்டுக் கூட்டம் வீட்டுப் பக்கம் திரும்பியது. அடுத்த கணம் கடப்பாரையும் உலக்கையுமாக உள்ளே பாய்ந்தது.

"உடைக்காதீங்க! உள்ளே எம் பாப்பா இருக்கா!" என்று கத்திக்கொண்டு பெட்டியின்மேல் விழுந்தவர் இஸ்திரிக்காரர்தான். அவரைத் தூக்கி எறிந்துவிட்டு உடைத்தார்கள். அவர் கிழிந்த தோலை மடியில் அள்ளிக்கொண்டு குடைச்சலிடம் வந்தார். "திரும்பச் செய்வியா?" என்று கேட்டார். அவள் உதட்டிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அதைப் புறங்கையால் துடைத்தாள். அவர் அவள் முகத்தில் அறைந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்து கூட்டத்தைக் கலைத்தார். நல்ல மனிதர், ஆர்மோனியக்காரரைத் தனியே அழைத்துப்போய்ப் பேசினார்.

"பெரியவரே, இன்னைக்கு நான் இருந்தேன். நாளைக்கு இருப்பேனா? பொண்ண மனநோய் ஆஸ்பத்திரியில விட்டுடுங்க. புத்தி சரியில்லன்னா ஊர் மன்னிச்சிடும். ஆறப்போட்டு, அப்பறமா கூட்டிட்டு வந்துடலாம்."

"அவளுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்குங்க."

"அது எனக்குத் தெரியுது. வேற வழி இருந்தா சொல்லுங்க."

வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. "சரிங்க" என்றார். மனைவிக்கு உயிரைக் கேட்டு வாங்கியதுபோலத்தான் மகளுக்கும் கேட்டார்.

ஆஸ்பத்திரி, ரயிலில் போக வேண்டிய தூரத்தில் இருந்தது. அங்கே டாக்டர் அவளிடம், "உனக்குக் குரல் கேட்டுச்சாம்மா?" என்றார்.

"கேட்டுச்சு சார். நான்தான் செஞ்சேன்."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

மாதம் ஒருமுறை கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். முதல் இரண்டு தடவை அப்பா தனியாகப் போனார். "நல்லா இருக்கேன்ப்பா, சாப்பாடு பரவாயில்லை" என்றாள். மூன்றாம் தடவை அம்மாவும் போனாள். மொட்டையடித்த தலையைப் பார்த்ததும் அம்மாவின் உதடுகள் படபடவென்று அசைந்தன. குரல் போன நாளிலிருந்து அந்த உதடுகளைப் படித்துப் பழகியவள் மகள். அவளும் சத்தமில்லாமல் உதட்டாலேயே பதில் சொன்னாள். அப்பாவுக்குக் கேட்கக் கூடாத ஏதோ ஒன்று. அம்மா வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டாள். நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை இருவரும் அப்படியே பேசிக்கொண்டார்கள்.

டாக்டர் ஆர்மோனியக்காரரை அறைக்குள் கூப்பிட்டார்.

"நோய் முத்திட்டு வருது. இப்ப சத்தமே இல்லாம யார்கிட்டயோ பேசறாளாம். நர்ஸ் பாத்துட்டு வந்து சொல்றாங்க."

"அவங்க அம்மாகிட்டங்க. அவங்களுக்குக் குரல் கிடையாது, தொண்டையில ஆபரேஷன்..."

"அந்தம்மாவும் அப்படித்தான் வாய மட்டும் அசைக்கறாங்களாம். பரம்பரையா இருக்கலாம். கொஞ்ச காலம் யாரும் வந்து பாக்க வேணாம். நாங்களே சொல்லி அனுப்பறோம்."

"சார், ஒரு நிமிஷம்..."

வெளியே பெஞ்சில் பலர் காத்திருந்தார்கள். டாக்டர் மணியைத் தட்டினார், அடுத்தவர் உள்ளே வந்தார்.

ரயில் நிலையத்தில் அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை.

"பொண்ணு என்ன சொன்னா?" என்று கேட்டார்.

அவள் உதடுகளை அசைத்தாள். அவருக்கு உதடு படிக்க வராது. இதுவரை மகள்தான் இடையில் நின்று சொல்வாள். அவள் மறுபடியும் சொன்னாள். அவர் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதுபோலக் காட்டி, குளிரில் நடுங்குவதுபோல் நடுங்கி, இன்னும் மெதுவாகச் சொன்னாள்.

"குளிருதாம்மா? போர்த்திக்கிறியா?" என்றார் அவர். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டார்.