நடு ஸ்பீக்கர்

"இன்னா சொன்னான்?" என்று கஸ்தூரி கேட்காமல் அந்த வீட்டில் ஒரு படமும் ஓடியதில்லை. சண்டைக் காட்சியில் ஜன்னல் அதிரும். அழுகைக் காட்சியில் வயலின் நன்றாகக் கேட்கும். பேச்சு மட்டும் குடத்துக்குள்ளிருந்து வரும். கணவன் உத்தமன் படத்தை விட்டுவிட்டு அவளுக்கு வசனம் சொல்லிக்கொண்டிருப்பான்.

அவனுக்கு ஆவடியில் டாங்கி ஃபாக்டரியில் வேலை. ரிச்சி தெருவிலிருந்து ஆம்ப்ளிஃபயரும் ஐந்து ஸ்பீக்கர் பெட்டிகளும் வாங்கி வந்திருந்தான். பேச்செல்லாம் டிவிக்கு மேலே இருந்த நடுப் பெட்டியில்தான் வரும். அது மட்டமான பெட்டி. ஒரு சனிக்கிழமை காலையில் அம்பத்தூர் மெக்கானிக் சுலைமான் குவார்ட்டர்ஸுக்கு வந்து அதைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தான்.

"இனிமே அண்ணிக்கு நீ வசனம் சொல்ல வேணாம் அண்ணாத்தே."

"அவ விடமாட்டா. ஏன் அப்படிச் சொன்னான்னு ஆரம்பிப்பா."

"கேப்பேன். படம்னா புரிய வேணாம்?" என்றாள் கஸ்தூரி.

சமையலறையில் அவளுடைய அம்மா வேம்புலியம்மாள் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு வாரம் என்று வந்தவள். அன்று சாயங்காலம் காட்டுப்பாக்கத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே தன் தம்பி கலியமூர்த்தியின் வீட்டில், அவருக்கு மருமகள் வந்த பிறகு அவளுக்குப் படுக்க இடமில்லை. இங்கேயே இருக்கட்டும் என்று உத்தமன் சொல்லிப் பார்த்தான். கஸ்தூரி ஒத்துக்கொள்ளவில்லை. துணிப்பை கதவோரம் தயாராக இருந்தது.

காரணம் எட்டு வருடப் பழையது. கல்யாணத்தில் தாலித் தட்டு சுற்றி வந்தபோது எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். அம்மா தொடவில்லை. வாடகைக்குக் குடியிருந்த வெளியூர்க்காரனுக்குப் பெண்ணைக் கொடுப்பதில் அவளுக்கு இஷ்டமில்லை. அப்பாவின் பிடிவாதத்தால் நடந்த கல்யாணம் அது. அப்பா அன்று மாரடைப்போடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். தாலி கட்டியாயிற்று என்று கலியமூர்த்தி மாமா போய்ச் சொன்னதும் சிரித்தாராம். நாக்கில் ஒரு சொட்டுப் பாயசம் வைத்துக்கொண்டாராம். சாயங்காலம் போய்விட்டார். அப்பா என்றால் கஸ்தூரிக்கு அந்தச் சிரிப்புதான்.

சுலைமான் ஒயர்களை முடுக்கினான். "கூட்டம், மேளம், பேச்சு எல்லாம் கலந்த மாரி கேசட்டு எதுனா கீதா அண்ணி?"

"எங்க கல்யாண கேசட்டு கீது. ஸ்டுடியோக்காரன் ஸ்டீரியோவுல நாதஸ்வரம்லாம் போட்டுக் குடுத்தான்." சமையலறைப் பக்கம் குரலை உயர்த்தினாள். "போடு சுலைமானு. தட்டைத் தொடாத கையி நல்லாத் தெரியட்டும்."

மாவு பிசையும் சத்தம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

திரையில் மண்டபம் வந்தது. பக்கத்துப் பெட்டிகளில் ஸ்டுடியோக்காரர் சேர்த்த நாதஸ்வரம் முழங்கியது. மண்டபத்தின் சொந்தச் சத்தம் அதற்கு அடியில் எங்கேயோ இருந்தது. எட்டு வருடமாக யாரும் அதைக் கேட்டதில்லை.

"பாட்டு ரெண்டு பக்கமும் போவும். பேச்சு நடுவுல நிக்கும். இப்போ நடுவ மட்டும் கேளுங்க." சுலைமான் பக்கத்துப் பெட்டிகளை நிறுத்தினான்.

நாதஸ்வரம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது போல் இளைத்தது. ஒரு குழந்தை அழுதது. பாத்திரம் உருண்டது. தேங்காய் எங்கே என்று யாரோ கேட்டார்கள்.

"அய்ய, கன்னியம்மா சித்தி குரலு!" கஸ்தூரி கைதட்டினாள். "பக்கத்துல நின்னு பேசற மாரியே கீதே!"

திரையில் அவள் தலை குனிந்து மணவறையில் உட்கார்ந்திருந்தாள். அப்போது காமிராவுக்குப் பக்கத்தில், ஆள் தெரியாமல், ஒரு குரல் கேட்டது. கலியமூர்த்தியின் குரல்.

"அக்கா, ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சி. மாமா பூட்டாருக்கா."

குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

"சத்தம் போடாத." அம்மாவின் குரல். "தாலி ஏறட்டும்."

"பொட்டும் பூவுமா நிக்கிறியேக்கா."

"நிக்கிறேன். நீ போயி மேளக்காரனப் பாரு. போ."

சுலைமான் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்திருந்தான். வார்த்தைகளை அவன் கவனிக்கவில்லை. "பாத்தியா அண்ணாத்தே, மூச்சு உடறதுகூட கேக்குது!"

அவன் எழுந்து இருவர் முகத்தையும் பார்த்தான்.

"நிறுத்துடா," என்றான் உத்தமன்.

"நிறுத்தாத," என்றாள் கஸ்தூரி. அது அவள் குரல் போலவே இல்லை. "பின்னாடி ஓட்டு. இன்னொரு தபா போடு."

மறுபடியும் போட்டான். மறுபடியும் அதே குழந்தை, அதே பாத்திரம், அதே தேங்காய். மாமா பூட்டாருக்கா. தாலி ஏறட்டும். ஒரு சொல்கூட மங்கவில்லை.

பிறகு தட்டு வந்தது. சித்தி அதை ஏந்தி வரிசையாகப் போனாள். அம்மாவின் நெற்றியில் பெரிய பொட்டு இருந்தது. தலை நிறைய மல்லிகை. தட்டு அருகே வந்ததும் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு யாரையோ தேடுபவள் போலத் திரும்பினாள். தட்டு அவளைக் கடந்து போனது.

கெட்டிமேளம். உத்தமன் தாலி கட்டினான். திரையில் இருந்த கஸ்தூரி நிமிர்ந்து பல் தெரியச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். யாரோ கேலி செய்ய, இன்னும் சிரித்தாள்.

"நிறுத்து," என்றாள் கஸ்தூரி.

சுலைமான் நிறுத்தினான். செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

வேம்புலியம்மாள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். முழங்கை வரை மாவு. டிவியைப் பார்க்கவில்லை. மேலே இருந்த புதுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா முன்னாடியே பூட்டாரா?"

அம்மா தலையசைத்தாள்.

"சிரிச்சாருன்னாரே மாமா."

"அவனாவே சொன்னான். நீ அழுவறியேன்னு."

"பாயசம்?"

"அதுவும்தான்."

"நான் சாப்ட்டேன்மா. ரெண்டாம் பந்தில குந்திக்கினு பாயசம் கேட்டு வாங்கிச் சாப்ட்டேன். நீதான் எனக்கு ஊத்துன."

"ஆமா."

"எப்பிடிம்மா ஊத்துன? கையி எப்பிடி வந்துச்சி?"

ஒவ்வொரு வருடமும், சாயங்கால நேரத்தை வைத்துக் குறித்த அப்பாவின் திதிக்கு முந்தின நாள், அன்று காலையில் இருந்த திதியில், அம்மா சாப்பிடமாட்டாள். வயிறு சரியில்லை என்பாள். அது உத்தமனுக்கு இப்போது நினைவுக்கு வந்தது.

"நிறுத்தியிருக்கலாமே அத்தை," என்றான். "உங்களுக்குத்தான் என்னைப் பிடிக்கலையே. அந்த ஒரு போன் போதுமே."

"புடிக்கலதான்," என்றாள் வேம்புலியம்மாள். "நின்னுபோயிருந்தா ராசி கெட்டவள்னு இவளை எவன் கட்டுவான் மாப்ள? அதுவுமில்லாம அவரு ஆசப்பட்ட கல்யாணம்."

அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"அதனாலதான் தட்டைத் தொடலியா?" என்றாள் கஸ்தூரி.

"தாலி அறுத்தவ தொடலாமா?" அம்மா சாதாரணமாகச் சொன்னாள். "பூவ எடுக்கத்தான் முடியல. கையையாவது எடுத்துக்கினேன்."

"எட்டு வருசமா நான் கேட்டுக்கினே கீறேன். எத்தினி பேரு முன்னாடி கேட்டேன்! ஒரு வார்த்த சொல்லி இருக்கலாம்ல?"

"சொன்னா அப்பா சிரிச்ச சிரிப்பும் உனுக்கு இருக்காதே."

கஸ்தூரி அம்மாவை அடிக்கப் போகிறாள் என்றுதான் உத்தமன் நினைத்தான். அவ்வளவு வேகமாகப் போனாள். எதிரில் நின்று ஜாக்கெட்டுக்குள்ளிருந்து தாலிச் சரட்டை வெளியே இழுத்தாள்.

"தொடு."

"இன்னாடி இது. வேணாம்."

"தொடும்மா."

அம்மாவின் கைகள் முந்தானைக்குள் போயின. திரையில் போனது போலவே போயின. கஸ்தூரி முந்தானையை விலக்கி வலது கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா இழுத்துக்கொண்டாள். அவளுக்கு இன்னும் நல்ல வலு இருந்தது. இருவருக்கும் மூச்சு வாங்கியது. கடைசியில் விரல்கள் தாலியில் பட்டன. பட்ட பிறகு அம்மா கையை எடுக்கவில்லை.

தாலியெல்லாம் மாவு.

உத்தமன் கதவோரம் இருந்த துணிப்பையை எடுத்துப்போய் உள்ளே வைத்தான்.